பட வளவுக்கு வந்த வேலி

இரண்டாம் உலக யுத்த காலத்துத் திருகோணமலையைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் குண்டு விழுந்த கதையைத்தான் எதிர்பார்ப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது பலகைகள். கடற்கரையில் முள்ளுக்கம்பி, அதில் ஒரு பலகை. கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு பலகை. நான் படித்து, பிறகு படிப்பித்த பள்ளிக்கூடத்தின் வாசலிலும் ஒரு பலகை. எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான்: உள்ளே வராதே. பிறந்த ஊரில் எங்களுக்கு நடக்க நடுத்தெருவை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதிலும் லொறி வந்தால் ஒதுங்க வேண்டும்.

நான் சித்திர ரீச்சர். பள்ளிக்கூடத்தைப் பட்டாளத்துக்காரர் எடுத்துக்கொண்டபோது வாங்குகளையும் மேசைகளையும் முற்றத்தில் போட்டுவிட்டுத் தங்கள் கட்டில்களை உள்ளே கொண்டுபோனார்கள். பிள்ளைகள் கீறிய படங்கள் அலுமாரியோடு மழையில் நனைந்தன. நான் போய்க் கேட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பையன் பல்லைக் காட்டிவிட்டுப் பலகையைக் காட்டினான். அன்று மூண்ட கோபம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பலகை இல்லாத ஓர் இடம் இந்த ஊரில் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை மாதம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஊரே வெளிக்கிட்டு ஓடியது. நாங்கள் தம்பலகாமத்துச் சொந்தக்காரர் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு வியாபாரியின் பெரிய வீடு விழுந்து கிடந்தது. அவர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போனவர், திரும்பி வரவில்லை. மிஞ்சியது ஒரு நீளச் சுவர், ஒரு கிணறு, இரண்டு வேப்பமரம். வளவின் நடுவில் சனம் ஒளிப்பதற்கென்று பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். வேலி இல்லை, வாசல் படலை இல்லை. குண்டு விழுந்த இடம் மட்டும்தான் ஊரில் திறந்து கிடந்தது.

என் அப்பா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் கோயில் காரியங்களைப் பொறுப்பாகப் பார்க்கிற வண்ணக்கர்களில் ஒருவர். ஊரில் அவர் சொன்னால் கேட்பார்கள். அவர்தான் அந்த வியாபாரிக்குச் சொல்லியனுப்பி, யுத்தம் முடியும்வரைக்கும் வளவைப் பாவிக்கச் சம்மதம் வாங்கித் தந்தார். அந்த நன்றியை நான் மறைக்க மாட்டேன். பிறகு அவர் செய்ததையும் மறைக்க மாட்டேன்.

வளவைத் துப்புரவாக்கி, பள்ளிக்கூடத்து முற்றத்தில் உக்கிக்கொண்டிருந்த வாங்குகளைக் கொண்டுவந்து வேம்பின் கீழ் போட்டேன். நீளச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். ஒரு பெட்டியில் கரித்துண்டும் செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வைத்தேன். ஆரும் வரலாம், ஆரும் கீறலாம், ஆரையும் எழும்பச் சொல்லக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். அதைக்கூடப் பலகையில் எழுதவில்லை. பலகை என்றாலே எனக்கு வயிறு எரிந்தது.

சனம் முதலில் எட்டிப் பார்த்தது. பிறகு வந்தது. சாம்பல்தீவுப் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் ஆட்கள் தங்கள் வள்ளங்களைக் கீறினார்கள், ஒவ்வொரு கயிற்றையும் விடாமல். துறைமுகத்தில் வேலை செய்த சிங்கள ஆள் ஒருவர் தன் ஊர் விகாரையைக் கீறிவிட்டு அதன் கீழே நிறைய நேரம் உட்கார்ந்திருந்தார். முஸ்லிம் கடைப் பிள்ளைகள் பூவும் கொடியுமாக ஒரு மூலையை நிரப்பினார்கள். ஒரு கப்பல்காரன் தன் நாயைக் கீறினான். அது ஆடு மாதிரி இருந்தது, எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். ஊர் அதைப் பட வளவு என்று கூப்பிடத் தொடங்கியது.

அந்த நாட்களில் துறைமுக வீதியை அகலமாக்க வளவுக்கு எதிரே கல் உடைத்தார்கள். உடைத்தது பெண்கள். வெயிலில் நிலத்தில் இருந்து, ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி, விரலில் சீலைத்துணி சுற்றிக்கொண்டு சுத்தியல் போடுவார்கள். பாலையூற்றுப் பக்கமிருந்து வந்த ஒருவர் ஒரு மத்தியானம் கிணற்றடியில் வந்து நின்றார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நின்றவர் வாளியைத் தொடவில்லை. இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, யாராவது ஊற்றுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கிணறுகளில் அவருடைய ஆட்களுக்கு அதுதான் வழக்கம். கோயிலிலும் அவர்கள் வெளிவீதியோடு சரி.

"வாளி அங்கை கிடக்கு அக்கா. அள்ளுங்கோ" என்றேன்.

"நானோ?"

"பின்னை ஆர்? உங்களுக்குத்தானே தண்ணி விடாய்."

அள்ளினார், குடித்தார். முகத்தைக் கழுவிவிட்டு வாங்கைப் பார்த்தார். "ரீச்சர், இதிலை ஆரும் இருக்கலாமோ?"

"ஓம்."

"நாங்களும்?"

"ஆரும் எண்டால் ஆரும்தான்."

விளிம்பில் இருந்தார். அடுத்த நாளும் வந்து விளிம்பில் இருந்தார். ஒரு கிழமை போனபின் சாய்ந்து இருந்து காலையும் ஆட்டினார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. மரியாதை கூடிப்போச்சு என்றார். மரியாதை என்ன, சீனி மாதிரிக் கூப்பனுக்கா தருகிறார்கள், கூடிப்போவதற்கு?

வளவின் நடுவில் ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. இடிந்த வீட்டுச் செங்கல் கிடந்தது, கம்பி கிடந்தது. சீமெந்து கொஞ்சம் தேடினேன். அக்காவிடம் போய், "உங்களைப் போல ஒண்டு செய்யப்போறன், வந்து இருங்கோ" என்றேன்.

"ஏன், ஊரிலை வடிவான பொம்பிளை ஒருதரும் அம்பிடேல்லையோ?"

"நீங்கள் இருக்கிற இருப்பு வடிவு."

"இருக்கிறது வடிவோ! இடுப்பு விட்டுப்போகுது" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இருந்தார். நான் பதுங்குகுழியை மூடிய மண் திட்டில் அவரைச் செய்தேன். மடித்த கால், நீட்டிய கால், ஓங்கிய வலக்கை. கையில் அவர் தேய்த்து முடித்த பழைய சுத்தியலையே வைத்துப் பூசினேன். கிடைத்த பெயின்றில் கப்பலுக்கு அடிக்கும் சாம்பல் நிறமும் இரும்புக்கு அடிக்கும் சிவப்பும்தான் இருந்தன. சேலைக்குச் சிவப்பு அடித்தேன். கண்ணைக் கடைசியாகக் கீற வைத்திருந்தேன். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் வெயில் எறித்தது, காலையிலேயே போய்க் கண்ணைக் கீறி முடித்தேன். அது வெள்ளிக்கிழமை. கிணற்றடியில் நின்ற நாலைந்து பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முகம் அவருடைய முகமேதான். அகன்ற நெற்றி, ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கிய புருவம், கீழுதட்டில் ஒரு வெட்டு. அக்கா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அன்று முதல் மத்தியானச் சோற்றை அதன் பக்கத்தில் இருந்துதான் சாப்பிடுவார். "நான் இருந்து தின்னுறன். நீ நிற்பாட்டாமல் உடை" என்று அதனோடு பகிடி விடுவார். மற்றக் கல்லுடைக்கிற பெண்களும் வந்தார்கள். அவர்களுக்கென்று ஊருக்குள் இருந்த ஒரே இருக்கை அதுதான்.

பிறகு கல் வேலையை வேறிடத்துக்கு மாற்றினார்கள். போவதற்கு முதல் நாள் பகல் சைரன் ஊதியது. வீதியில் நின்றவர்கள் எல்லாம் வளவுக்குள் ஓடி வந்து பதுங்குகுழிக்குள் விழுந்தார்கள். அப்பாவும் அன்று வந்திருந்தார். இடமில்லாமல் அவருடைய தோளும் அக்காவின் தோளும் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அப்பா முருகா முருகா என்று முனகினார், அக்கா அவருக்குப் பிடிக்கத் தன் முழங்கையைக் கொடுத்தார். அவர் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் ஆர் ஆரைத் தொட்டால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பீரங்கிகள் வெடித்தன, பிளேன் சத்தம் தலைக்கு மேலால் போனது, குண்டு விழவில்லை.

வெளியே ஏறியபோது கடற்கரைப் பக்கத்துப் பெண் ஒருவர் முதலில் கண்டது திட்டில் சுத்தியலை ஓங்கிக்கொண்டு இருந்த சிவப்புச் சேலையை. நடுங்கிக்கொண்டே கும்பிட்டார். தன் தலையிலிருந்த செவ்வரத்தம்பூவை எடுத்து அதன் மடியில் வைத்தார். "இவதான் பிடிச்சவ. குண்டை விழ விடாமல் இவதான் பிடிச்சவ" என்றார். பக்கத்தில் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலையின் நெற்றியில் குங்குமம். சுத்தியலில் வேப்பிலை. அதற்கடுத்த வெள்ளி கற்பூரம், தேங்காய். ஒருவருக்கு உரு வந்தது. "கல்லுடைக்க வரேல்லை, குண்டுடைக்க வந்தனான்!" என்று கத்திக்கொண்டு அந்த ஆள் வளவு முழுக்க ஆடினார். அன்றிலிருந்து பெயரும் வைத்துவிட்டார்கள்: குண்டுடைத்த அம்மாள். கண் திறந்தது வெள்ளிக்கிழமை என்று கிணற்றடியில் நின்ற பெண்கள் சாட்சி சொன்னார்கள்.

நான் காலையில் போய்க் கழுவுவேன். பின்னேரம் திரும்பப் பூசியிருப்பார்கள். ஒரு நாள் வாளியும் தேங்காய்த் தும்புமாக நான் வெளிக்கிட, அப்பா வாசலில் மறித்தார்.

"பிள்ளை, அம்மாளிலை கை வையாதை."

"அது அம்மாள் இல்லை அப்பா. கல்லுடைக்கிற அக்கா. உங்களுக்கும் தெரியும்."

"தெரியும். வெறுங் கல்லிலையே சாமியைக் காணுற ஆக்கள் நாங்கள். நீதானே வெள்ளிக்கிழமை பார்த்துக் கண் திறந்தனி."

"மழை பெய்ததாலை வெள்ளிக்கிழமை கீறினனான்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அந்த மழையைப் பெய்ய வைச்சது ஆர்?"

இப்படிக் கதைக்கிறவரோடு என்ன கதைப்பது? வாளியை அவர் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனேன். சின்னப் பிள்ளை மாதிரி நடந்தேன் என்று பிறகு சொன்னார். சொல்லட்டும்.

சிலைக்கு மேல் கிடுகுக் கொட்டில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வியாபாரியும் வந்தார். தன் இடிந்த வீட்டில் அம்மாள் வந்து குந்தியிருக்கிறாள் என்று கேட்டு உருகிப்போய் வளவை அம்மாளுக்கே கொடுத்துவிட்டார். அப்பா அதற்கும் வண்ணக்கர் ஆனார். வளவைச் சுற்றி வேலி போட்டார்கள், முன்னுக்கு ஒரு படலை. பொங்கல் வைக்க நாள் குறித்து, அதற்கு முதல் வளவைத் துப்புரவாக்கினார்கள். துப்புரவு என்றால் என்ன? நான் போனபோது நீளச் சுவருக்கு வெள்ளை அடித்து முடித்திருந்தது. வள்ளங்கள் இல்லை. விகாரை இல்லை. கடைப் பிள்ளைகளின் பூவும் கொடியும் இல்லை. அந்த ஆட்டு நாயும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பெட்டியிலிருந்த கரித்துண்டுகளைப் பொங்கல் அடுப்புக்கு எடுத்திருந்தார்கள்.

படலையில் ஒரு பலகையும் தொங்கியது. புனிதமான இடம், படம் கீறக் கூடாது, தீட்டோடு வரக் கூடாது. எழுத்து என் அப்பாவுடையது, வடிவான கச்சேரி எழுத்து. பட்டாளத்துக்காரனின் பலகையைப் பார்த்து அவனைத் திட்டின ஊர்தான் இது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த பலகையைக் கழற்றிப் போட எங்களுக்குக் கை வரவில்லை, அதைப் பார்த்து எழுதக் கை வந்தது. எனக்கு வெள்ளைக்காரனில் வந்த கோபம் ஒரு பங்கு என்றால் எங்கள் ஆட்களில் வந்தது பத்துப் பங்கு. அவன் அந்நியன், அவனுக்கு எங்களைத் தெரியாது. இவர்கள் அந்த வாங்கில் இருந்தவர்கள்.

பொங்கலன்று நான் படலைக்கு வெளியே நின்றேன். உள்ளே போக மனமில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. பறைச் சத்தம் கேட்டு வீதியால் அக்கா வந்தார். வேலை மாறிப் போனபின் அவர் இந்தப் பக்கம் வரவில்லை, நடந்தது ஒன்றும் தெரியாது. தோய்த்த சேலை, வாரிய தலை. பட வளவில் ஏதோ விசேஷம் என்று நினைத்து வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "என்ன ரீச்சர், ஊரே வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே படலைக்குள் கால் வைத்தார்.

அப்பா கையை நீட்டினார். தொடவில்லை, காற்றில் மறித்தார்.

"பிள்ளை, நீ அதிலை நில்லு. வேலிக்கு வெளியாலை நிண்டு கும்பிட்டாலும் அம்மாளுக்குக் கேட்கும்."

அக்கா உள்ளே பார்த்தார். கொட்டிலில் அவருடைய முகத்துக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான் கும்பிட வரேல்லை ஐயா. கொஞ்சம் இருக்கத்தான் வந்தனான்."

அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சனத்தைப் பார்த்துக் கத்தினேன். "அங்கை பாருங்கோ. இப்ப இங்கை பாருங்கோ. புருவத்தைப் பாருங்கோ, உதட்டைப் பாருங்கோ. நீங்கள் பால் ஊத்துறது ஆருக்கு? இவவுக்கு! இவவைத்தான் வெளியாலை நில் எண்டுறியள்!"

பறை நின்றது. சனம் உள்ளே பார்த்தது, வெளியே பார்த்தது. எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்ததை நான் அவர்களின் கண்ணில் கண்டேன். இப்போது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன், படலையைத் திறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பூவைக் கொண்டுவந்து மடியில் வைத்த அந்தக் கடற்கரைப் பெண் வாயில் கையை வைத்து, "ஐயோ, இந்த முகத்தையோ இவ்வளவு நாளும் கும்பிட்டம்?" என்றார். பால் ஊற்றியவர் செம்பைக் கீழே வைத்தார். "திரையை இழு" என்று அப்பா சொன்னார். திரையை இழுத்தார்கள்.

அக்கா என் கையிலிருந்து தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். "விடுங்கோ ரீச்சர். சனம் பாக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோயிலை விட அவர்களுக்கு மனமில்லை. குண்டு திரும்ப வருமென்ற பயம் இருந்தது, அம்மாள் வேண்டும். முகம்தான் வேண்டாம். ஆகவே தட்டாரிடம் சொல்லிப் பித்தளையில் ஒரு முகம் அடிப்பித்தார்கள். வட்டக் கன்னம், எலுமிச்சங்காய்க் கண், நான் வைக்காத ஒரு புன்சிரிப்பு. முகக்களை என்று கோயில்களில் அம்மாளுக்கு வைப்பார்களே, அதுதான். அதை என் சீமெந்து முகத்துக்கு மேலே வைத்து ஆணியால் இறுக்கினார்கள். ஆணி எங்கே இறங்கியது என்று எனக்குத் தெரியும், நெற்றியில். அப்பா வீட்டுக்கு வந்து, "இனி ஒருதருக்கும் மனஸ்தாபமில்லை" என்றார். நான் அவருக்குச் சோறு போட்டேன், கறி போட்டேன். அதன்பிறகு நெடுநாள் அவரோடு கதைக்கவில்லை.

சில நாள் கழித்துப் பாலையூற்றுப் பக்கம் அக்காவைத் தேடிப் போனேன். வீதியோரம் பத்துப் பன்னிரண்டு பேராக இருந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நிழல் என்று ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அவர் சுத்தியலை நிற்பாட்டாமல் சுகம் விசாரித்தார். நான் பித்தளை முகத்தின் கதையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆரின்ர முகம் அது?"

"ஒருதற்றையும் இல்லை அக்கா."

"என்ர முகம் இப்ப தெரியாதோ?"

"ஒரு பொட்டும் தெரியாது."

சுத்தியல் நின்றது. அவர் என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

"அப்ப, இனி என்னை உள்ளை விடுவினமோ?"

இல்லை என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை அவரிடம் என் வாயால் சொல்ல வைத்ததற்காக நான் என் ஊரை மன்னிக்கவில்லை. அப்பாவையும் மன்னிக்கவில்லை.